பழைய வீட்டைப் புதுப்பிக்க ஒரே குழுவை அமர்த்தும்போது

வரைபடத்தையும் கட்டுமானத்தையும் ஒரே குழுவிடம் ஒப்படைத்தால், பூச்சை உடைத்தபின் துருப்பிடித்த கம்பி தெரியவரும்போது, பொறியாளரும் மேஸ்திரியும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட இடமிருக்காது. ஆனால் விலையைச் சரிபார்க்க வேறொருவர் இல்லாததால், சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசாமல், டைல்ஸ், குழாய், ஒயர் ஆகியவற்றின் பிராண்டும் அளவும் அடங்கிய பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். மெட்ராஸ் டெரஸ் கூரையுள்ள (மர உத்தரங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக் கட்டிய பழைய பாணி) சென்னை வீடானால், சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசலாம் என்பவர்களைத் தவிர்ப்பது நல்லது. ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு உப்பி உதிரும். குளியலறைத் தளத்தில் வாட்டர்புரூஃப் பூச்சு முடிந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிவைத்து, கீழ்த்தளக் கூரையில் ஈரம் படிகிறதா என்று நேரில் பாருங்கள் (கைபேசியில் வரும் படம் போதாது). அந்த வேலைக்குரிய தவணையை அதன்பிறகே கொடுங்கள்.