வீடு வாங்கும் முன் வில்லங்கச் சான்றை நாமே சரிபார்ப்பது எப்படி?

தமிழ்நாட்டில் மனையோ பழைய வீடோ வாங்குபவர், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதன் வில்லங்கச் சான்றைத் தாமே தேடிப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்ற பரிமாற்றங்களின் பட்டியலே வில்லங்கச் சான்று. தரகர் காட்டும் நகல், அவர் குறிப்பிட்ட காலத்துக்கும் புல எண்ணுக்கும் (சர்வே எண்) மட்டுமே பொருந்தும். எங்கள் வீட்டை வாங்கியபோது நான் பின்பற்றிய முறை இது.

படி 1: விற்பவரிடம் கிரையப் பத்திரம் (விற்பனைப் பத்திரம்), தாய்ப்பத்திரம் (சொத்து முன்பு கைமாறிய பழைய மூலப் பத்திரம்), பட்டா ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு வாங்குங்கள். சொத்து விவரத்தில் உள்ள கிராமம், புல எண், உட்பிரிவு, விஸ்தீரணம், நான்கு எல்லைகள், பத்திரம் பதிவான சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பதிவுத்துறையின் இணையதளத்தில் மின்னணுச் சேவைகளின் கீழ் வில்லங்கச் சான்றைப் பார்வையிடும் பக்கத்துக்குச் சென்று, இவ்விவரங்களை உள்ளிட்டுக் குறைந்தது 30 ஆண்டுகளுக்குத் தேடுங்கள். பார்வையிடுவதற்குக் கட்டணம் இல்லை. கைப்பேசியைவிடக் கணினியே இதற்கு ஏற்றது, அட்டவணை அகலமானது.

படி 3: எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். இன்றைய உட்பிரிவு எண்ணை மட்டும் கொடுத்தால், அந்த உட்பிரிவு உருவாவதற்கு முன் நடந்த பரிமாற்றங்கள் வராமல் போகலாம். எடுத்துக்காட்டாக, இன்று 84/2ஏ என்று இருக்கும் மனை முன்பு 84/2 என்ற பெரிய நிலத்தின் பகுதியாக இருந்திருந்தால், அந்தக் காலத்து அடமானமும் பாகப்பிரிவினையும் 84/2 என்ற எண்ணில்தான் பதிவாகியிருக்கும். ஆகவே இரண்டு எண்களிலும் தனித்தனியே தேட வேண்டும். பழைய எண் தெரியவில்லை என்றால், தாய்ப்பத்திரத்தின் சொத்து விவரத்திலும் வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டிலும் பாருங்கள். இடையில் புதிய சார்பதிவாளர் அலுவலகம் தொடங்கப்பட்டு உங்கள் கிராமம் அதன் எல்லைக்குள் மாற்றப்பட்டிருந்தால், பழைய அலுவலகத்தின் பெயரிலும் ஒருமுறை தேடுவது அவசியம். இவ்வளவும் செய்யாமல் கிடைக்கும் 'பரிமாற்றம் இல்லை' என்ற முடிவை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

படி 4: அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர், ஆவணத்தின் தன்மை, முந்தைய ஆவண எண் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு கிரையத்தில் வாங்கியவரே அடுத்த கிரையத்தில் விற்றவராக இருக்க வேண்டும். இந்தச் சங்கிலியை ஒரு தாளில் கையால் வரைந்து பார்ப்பதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் அறுந்த கண்ணி உடனே கண்ணில் படும். அடமானமோ உரிமை ஆவண ஒப்படைப்போ (கடனுக்கு ஈடாகப் பத்திரத்தை ஒப்படைத்தல்) இருந்தால், கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணமும் பின்னால் பதிவாகியிருக்க வேண்டும். கடன் தீர்ந்துவிட்டது என்று விற்பவர் வாய்மொழியாகச் சொன்னால், கிரையத்துக்கு முன் ரசீதைப் பதிவு செய்துதரக் கேளுங்கள்.

பின்சேர்க்கை: வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தும் உரிமையாளர் இறந்துபோனது பின்னரே தெரியவந்ததாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். உரிமையாளர் இறந்தால் சொத்து வாரிசுகளைச் சேர்ந்துவிடும். அதற்கென்று எந்தப் பதிவும் இந்தச் சான்றில் வராது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்து ஆவணங்கள் 1ஆம் புத்தகத்திலும் உயில்கள் 3ஆம் புத்தகத்திலும் பதியப்படுகின்றன; வில்லங்கச் சான்று 1ஆம் புத்தகத்தின் பதிவுகளையே காட்டுவதால், உயிலையும் இதில் காண இயலாது. எனவே பத்திரத்தில் பெயருள்ளவர் உயிருடன் இல்லையெனில், வாரிசுச் சான்றைப் பெற்று, அதில் உள்ள அனைவரும் கிரையத்தில் கையொப்பமிடுகிறார்களா என்பதை வழக்கறிஞரைக் கொண்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.