பழைய வெள்ளி ரூபாய்: வாங்கி விற்பது எப்படி?

வெள்ளிப் பட்டறைகள் நிறைந்த சேலம் செவ்வாய்பேட்டையில் பழைய ரூபாய் கைக்கு வந்தால், முதலில் ஆண்டைப் பாருங்கள். விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், அதில் சுத்த வெள்ளி சுமார் 10.7 கிராம். 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி. 1947 ரூபாய் நிக்கல், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அன்றைய வெள்ளி விலைக்கு மேல் கொடுப்பதென்றால் ஆண்டோ, காசு தேயாமல் இருக்கும் தரமோ அதற்கு ஈடாக இருக்க வேண்டும்.

1939 என்று இருந்தால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். அரிய ஆண்டு என்பதால், 1938-இன் கடைசி எண்ணைச் சுரண்டி மாற்றிய காசுகள் நிறைய உண்டு. லென்ஸ் வைத்து 9-ஐச் சுற்றிக் கீறல் தேடுங்கள்.

புளி, சாம்பல் போட்டுத் தேய்க்கவே கூடாது. கருமை போனால் சேகரிப்பவர் தரும் கூடுதல் விலையும் போய்விடும். அப்புறம் உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலைதான். காசைப் போட்டு வைக்க பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், பச்சைப் பிசுக்கு விடும்; மைலர் (பாலியஸ்டர்) உறை வாங்குங்கள்.

நூறாண்டு தாண்டிய காசை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972 தொல்பொருள் சட்டம் விடாது. உள்ளூரில் தொழிலாக விற்கவும் உரிமம் வேண்டும்.