தகப்பனின் பாவம் பிள்ளையைச் சேருமா? முரண்படும் வசனங்களை ஒப்பிட்டு வாசிக்கும் முறை

பெரம்பூர்ப் பகுதியில் வீடுகளில் நடக்கும் ஜெபக்கூட்டங்களில் 'பரம்பரைச் சாபம்' என்ற பேச்சு எழுந்தால் யாத்திராகமம் 20:5 வாசிக்கப்படும்: பிதாக்களுடைய அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் பிள்ளைகளிடத்தில் விசாரிக்கப்படும். மறுப்பவர்கள் எசேக்கியேல் 18:20-ஐ எடுப்பார்கள்: தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை. இரண்டையும் சேர்த்து வாசிக்க நான் கடைப்பிடிக்கும் முறையைக் கீழே தருகிறேன். வசனங்களைத் தேடி எடுக்கத் தெரிந்திருந்தால் போதும்.

படி 1: இரு வசனங்களையும் நோட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் கையால் எழுதவும். கைப்பேசிச் செயலி தேடுவதற்கு மட்டுமே உதவும். ஒற்றை வசனத்தைத் தனியே பிய்த்துக் காட்டும் அதன் வழக்கமே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம். வாசிப்பதற்கு, ஒத்துவாக்கியங்கள் (தொடர்புடைய பிற வசனங்களின் குறிப்புகள்) அச்சிட்ட வேதாகமத்தையும் 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்ற தமிழ் மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொள்ளவும்.

படி 2: வாக்கியத்தை முடிவுவரை வாசிக்கவும். 20:5 கர்த்தரைப் பகைக்கிறவர்களைக் குறித்தே பேசுகிறது. அடுத்த வசனமோ அவரிடத்தில் அன்புகூருகிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கம் என்கிறது. நான்கை மட்டும் சொல்லி ஆயிரத்தை விட்டுவிடும் பிரசங்கம் அரைகுறையானது.

படி 3: யார், யாரிடம், எந்த நிலையில் பேசுகிறார் என்று எழுதவும். பலரும் தடுமாறும் இடம் இதுதான். ஆகையால் அவசரப்பட வேண்டாம். எசேக்கியேல் தீர்க்கதரிசி கி.மு. 597-இல் யூதாவின் அரசன் யோயாக்கீனோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களில் ஒருவர். பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்ன, பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்ற பழமொழி அன்று மக்கள் வாயில் புழங்கியது. எரேமியா 31:29-இலும் அதைக் காணலாம். முன்னோர் செய்ததற்கு நாம் அனுபவிக்கிறோம், இனி நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற அந்த மனச்சோர்வுக்குப் பதிலாகவே நீதிமானான தகப்பன், கொடியவனான மகன், நீதிமானான பேரன் என்று மூன்று தலைமுறையை வரிசையாக நிறுத்தி, அவனவன் தன் வழிக்கே கணக்குக் கொடுக்கிறான் என்று 18-ஆம் அதிகாரம் வாதிடுகிறது. நியாயத்தீர்ப்பாகத் தொடங்கும் அந்த அதிகாரம், சாகிறவனுடைய சாவைக் கர்த்தர் விரும்பவில்லை, மனந்திரும்பிப் பிழையுங்கள் என்ற அழைப்பில் முடிகிறது.

படி 4: மனிதர் நடத்தும் விசாரணையைத் தனியாகப் பிரிக்கவும். பிதாக்களுக்காகப் பிள்ளைகளைக் கொல்லக்கூடாது என்று மோசேயின் சட்டத்தைச் சொல்லும் உபாகமம் 24:16 விதிக்கிறது. தன் தகப்பனைக் கொன்றவர்களைத் தண்டித்த யூதாவின் அரசன் அமத்சியா, இந்தச் சட்டத்தின்படியே அவர்களுடைய பிள்ளைகளை விட்டுவிட்டான் (2 இராஜாக்கள் 14:5-6). ஆகவே, எசேக்கியேல் சொன்னது மோசேயின் சட்டத்துக்குப் புதியதன்று.

பிற்சேர்க்கை: பிறவி நோயையும் பாவத்தின் பலன் என்று கொள்ளலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். யோவான் 9:3-ஐ நோட்டில் சேர்த்துக்கொள்ளவும். பிறவிக் குருடனின் நிலைக்கு அவனுடைய பாவமோ பெற்றோரின் பாவமோ காரணமல்ல என்று இயேசு அங்கே மறுக்கிறார்.

எரிகோவில் விலக்கப்பட்ட பொருளைத் திருடிய ஆகானைப் பற்றி இன்னொருவர் கேட்டது இதைவிடக் கடினமானது. யோசுவா 7-இல் அவனுடைய குமாரரும் குமாரத்திகளும் அவனோடு தண்டனைக்காக ஆகோர் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள். திருடிய பொருள் கூடாரத்துக்குள் புதைக்கப்பட்டிருந்ததால் குடும்பத்தாருக்கும் தெரிந்திருக்கும் என்று சிலர் விளக்குவதுண்டு. வசனம் அப்படிச் சொல்லவில்லை. மேற்கண்ட நான்கு படிகளும் இந்த இடத்தைத் தீர்த்துவைப்பதில்லை. ஆகவே இதற்கு நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்கி, பதில் பகுதியை நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.