ஈரப்பத சென்சார் சரியாகக் காட்டுகிறதா? உப்பை வைத்தே பார்த்துவிடலாம்

டிஹெச்டி22 என்ற ஈரப்பத சென்சாரை வாங்கி மாட்டியாயிற்று, 68 சதவீதம் என்கிறது, அதை எப்படி நம்புவது? சமையலறை உப்பு போதும். பாட்டில் மூடி ஒன்றில் தூள் உப்பைப் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். ஈர மணல் மாதிரி இருக்க வேண்டும், கரைந்து தண்ணீராகிவிட்டால் இன்னும் கொஞ்சம் உப்பு. மூடியையும் சென்சாரையும் காற்றுப் புகாத டப்பாவில் தள்ளித் தள்ளி வையுங்கள், உப்பு பட்டால் சென்சார் அதோடு சரி. ஒயர் வரும் ஓட்டையை நன்றாக அடைத்துவிடுங்கள் (முதல் தடவை இதைத்தான் கோட்டைவிட்டேன், ராத்திரி முழுக்க வெளிக்காற்றை அளந்துகொண்டிருந்தது).

வெயிலும் ஏசி காற்றும் படாத இடத்தில் ஒரு ராத்திரி விட்டால், 25 டிகிரியில் உள்ளே ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தில் நிற்கும். சென்சார் 71 காட்டினால் புரோகிராமில் 4 கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே ஒரு அளவில் சரிபார்த்தால் போதாது, சுமார் 33 சதவீதம் தரும் மெக்னீசியம் குளோரைடு என்ற உப்பை இதே மாதிரி வைத்தும் ஒரு தடவை பாருங்கள்.

மேற்பரப்பு ஒலி அலை வகை ஈரப்பத சென்சாருக்கும் இதே டப்பாதான். அதில் படிகத்தின் மேல் ஓடும் அலை, மேலே உள்ள பூச்சு ஈரத்தை உறிஞ்சிக் கனமானதும் மெதுவாகிறது, அதிர்வெண் இறங்குகிறது. ஆகவே சதவீதத்துக்குப் பதில் ஹெர்ட்ஸைக் குறியுங்கள். வெப்பநிலையையும் கூடவே எழுதுங்கள், சூடு மாறினாலும் அந்த எண் நகரும்.