ஜெபிக்க முடியாத இரவில் 13-ஆம் சங்கீதம்

ஜெபிக்கக்கூட தெம்பில்லாத இரவில், வார்த்தை தேடிக்கொண்டிருக்காமல் பைபிளில் உள்ள 13-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். மொத்தம் 6 வசனம்தான். ஒரு நிமிடம் போதும். "எதுவரைக்கும்" என்று அதைப் பாடிய தாவீது கடவுளிடம் நான்கு முறை கேட்கிறார். நம் மனதில் இருக்கும் அதே கேள்வி, மறைக்கவே வேண்டாம். முறையீட்டில் தொடங்குவது கடைசி வசனத்தில் பாட்டாகிறது. நமக்கு அந்தப் பாட்டு இன்னும் வராவிட்டாலும் வாய் அதுவரை போய்விடுகிறது. சத்தமாக வாசித்தால் மனமும் அதிகம் அலையாது.

உடம்பே அசந்து கிடந்தால் இது உதவாது, சாப்பிட்டுத் தூங்குங்கள். சூரைச்செடியின் கீழ் சோர்ந்து படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான் (1 இராஜாக்கள் 19). அப்புறம், தூக்கமின்மையும் விரக்தியும் வாரக்கணக்கில் நீடித்தால் சங்கீதத்தோடு மருத்துவரையும் பாருங்கள்.