பயிற்சி வாள் வாங்கும் முன்

பினாங்கில் சிலம்பத்துடன் வாள்வீச்சும் பழகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு, இங்குள்ள ஈரக்காற்றில் வளைந்து பூசணம் பிடிக்கக்கூடிய மரவாளைவிட, பாலிபுரொப்பிலீன் அல்லது நைலான் நெகிழியாலான வாளே ஏற்றது என்பது என் கருத்து. வாங்கும்போது எடையை மட்டும் பார்க்காமல், கைப்பிடிக்கு மேல் குறுக்கே நிற்கும் கைக்காப்புக்குச் சற்று மேலே, வாளின் அலகை ஒரு விரலில் நிறுத்திப் பாருங்கள். சமநிலைப் புள்ளி நுனியை நோக்கி வெகுவாகத் தள்ளியிருந்தால், இளம் மணிக்கட்டு விரைவில் சோர்ந்துவிடும். அலகின் ஓரத்தில் வார்ப்பச்சு விட்டுச்சென்ற பிசிறு, தோலைக் கீறும் அளவுக்குக் கூர்மையாக இருக்கலாம் என்பதால், அதை விரலால் மெல்லத் தடவிக் கண்டறிந்து உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். நெகிழி என்பதற்காக அடி மென்மையாக விழும் என்று எண்ண வேண்டாம். இருவர் மோதிப் பழகும்போது கம்பிவலை முகக்கவசமும் தடித்த கையுறையும் கட்டாயம் வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வாளைச் சாய்த்து வைத்தால் அலகு வளைந்துவிடும். வீட்டில் தட்டையாகக் கிடத்தி வையுங்கள்.