எடிட்டிங் இழுக்கிறதா? ரேம் வாங்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள்

கல்யாண வீடியோ எடிட் செய்யும் தம்பி ஒருவர் சில மாதங்களுக்கு முன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். 8 ஜிபி ரேமை 32 ஜிபி ஆக்கியிருந்தார். அப்படியும் டைம்லைனில் பிளே கொடுத்தால் தாலி கட்டும் காட்சி விக்கி விக்கித்தான் ஓடியது. ரேம் கூட்டியது வீண் என்று சொல்லவில்லை. 4கே எடிட்டிங்குக்கு 8 ஜிபி போதாதுதான். ஆனால் அவருடைய லேப்டாப் திணறிய இடம் வேறு. எங்கே அடைக்கிறது என்று பார்க்காமல் காசைப் போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. சேர்த்து வைத்த பணம் இப்படிப் போவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

கண்டுபிடிப்பது எளிது. வீடியோவை ஓடவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு, மெமரி (அதாவது ரேம்), டிஸ்க், ஜிபியு (அதாவது கிராபிக்ஸ் சிப்) என வரிசையாக இருக்கும். ஜிபியுவைத் தொட்டால் உள்ளே ‘வீடியோ டீகோட்’, ‘வீடியோ என்கோட்’ என்று தனி வரைபடங்கள் வரும். சில கார்டுகளில் இரண்டும் சேர்ந்து ‘வீடியோ கோடெக்’ என்று இருக்கும். மெமரி முட்டி நின்றால் ரேம் வாங்கலாம். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் டிஸ்க்தான் காரணம். தம்பியின் லேப்டாப்பில் மெமரி பாதிகூட நிரம்பவில்லை. சிபியு 100-ஐத் தொட்டது. வீடியோ டீகோட் பூஜ்யத்திலேயே கிடந்தது. கேமரா ஃபைலைப் பிரிக்கும் வேலையை கிராபிக்ஸ் சிப் தொடவே இல்லை, முழுச் சுமையும் சிபியு தலையில் விழுந்திருந்தது.

பிரிக்கும் வேலை ஏன் இவ்வளவு கனம்? 2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்.265 என்ற சுருக்கும் முறைகள் இரண்டும் வீடியோவைச் சின்னதாக்கிப் பார்ப்பவரிடம் சேர்ப்பதற்காக உருவானவை. வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். இவற்றில் எல்லா பிரேமும் முழுப் படமாக இருக்காது. அவ்வப்போது ஒரு முழுப் படம், அதன்பின் என்னென்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். மளிகைக்கடைப் பற்று நோட்டு மாதிரி: 1-ஆம் தேதி பாக்கியை எழுதியிருப்பார்கள், அப்புறம் வாங்கியதும் கொடுத்ததும்தான் வரும். 20-ஆம் தேதி பாக்கி எவ்வளவு என்று கேட்டால் முதலிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். படம் பார்ப்பவர் முன்னோக்கியே போவதால் அந்தக் கணக்கு தானாக ஓடிவிடும். எடிட்டரோ முன்னும் பின்னும் தாவுகிறார். தாவும்போதெல்லாம் கணக்கை மறுபடி போட்டாக வேண்டும்.

கிராபிக்ஸ் சிப்பில் இதற்கென்றே தனிச் சுற்று உண்டு. ஆனால் அதற்கு எல்லா வகை ஃபைலும் தெரியாது. மிரர்லெஸ் கேமராவில் நிறம் நன்றாக வர வேண்டும் என்று 4:2:2 10-பிட் என்ற, நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் வகையில் எடுக்கிறோம். எச்.265-இல் அந்த வகையை இன்டெலின் 11-ஆம் தலைமுறை உள்கிராபிக்ஸ் பிரித்துவிடும். என்விடியாவின் ஜிஃபோர்ஸ் கார்டுகளுக்கு அந்த வசதி 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் கிடைத்தது. அதனால் கார்டின் விலையை மட்டும் பார்த்து லேப்டாப் வாங்காதீர்கள். உங்கள் கேமரா எந்த வகையில் எழுதுகிறது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

இருக்கிற லேப்டாப்பை வைத்துக்கொண்டே தப்பிக்க வழி ப்ராக்ஸி. ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன நகல் ஒன்றை உருவாக்கி, அதை வைத்து வெட்டி ஒட்டுவது. எக்ஸ்போர்ட்டின்போது மென்பொருள் அசல் ஃபைலையே எடுத்துக்கொள்ளும், ஆகவே தரம் குறையும் என்ற பயம் வேண்டாம். இதிலும் ஒரு தவறு நடக்கிறது: இடம் மிச்சம் என்று ப்ராக்ஸியை மறுபடி எச்.264-இலேயே போடுவது. சின்ன நோட்டானாலும் அதுவும் பற்று நோட்டுத்தான். ப்ரோரெஸ் ப்ராக்ஸி, டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி போன்ற ஃபைல் வகைகளில் ஒவ்வொரு பிரேமும் தனித்து நிற்கும். 1080பி ப்ரோரெஸ் ப்ராக்ஸி விநாடிக்குச் சுமார் 45 மெகாபிட். ஒரு மணி நேர ஃபுட்டேஜுக்கு 20 ஜிபி இடம் ஒதுக்கினால் போதும். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயாராக இருக்கும்.

போனில் எடுத்த வீடியோவில் இன்னொரு சிக்கல் உண்டு. விநாடிக்கு 30 பிரேம் என்று போட்டிருந்தாலும் வேகம் கூடிக் குறையும். பேச்சும் வாயசைவும் விலகுவது பெரும்பாலும் இதனால்தான். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் பிரேம் வேகத்தை நிலையானதாக மாற்றிவிட்டு எடிட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

எக்ஸ்போர்ட் தாமதம் தனிக்கதை. அதில் இரண்டு வேலை நடக்கிறது: எஃபெக்ட், கலர் எல்லாம் சேர்த்து ஒவ்வொரு பிரேமையும் உருவாக்குவது, பிறகு அதைச் சுருக்கி எழுதுவது. இரண்டாவது வேலைக்கென்றே இன்டெலில் 2011 முதல் குவிக் சிங்க், என்விடியாவில் 2012 முதல் என்வென்க் என்ற தனிச் சுற்றுகள் இருக்கின்றன. அப்படியிருந்தும் எக்ஸ்போர்ட் பெட்டியில் சாஃப்ட்வேர் என்கோடிங் (சுருக்கும் வேலையைச் சிபியுவே செய்வது) தேர்வாகிக் கிடப்பதை நிறைய பேர் கவனிப்பதில்லை. முதலில் அதை ஹார்டுவேருக்கு மாற்றுங்கள். மாற்றியும் ஊர்ந்தால், எஃபெக்டுகளை எல்லாம் அணைத்துவிட்டு ஒரு நிமிடம் மட்டும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். சட்டென்று முடிந்தால் சுமை முதல் வேலையில்தான். நாய்ஸ் ரிடக்‌ஷன், ஆட்டத்தை நிறுத்தும் ஸ்டெபிலைசர், இடைப்பட்ட பிரேம்களைக் கணக்கிட்டு உருவாக்கும் ஆப்டிகல் ஃப்ளோ ஸ்லோமோஷன் மூன்றும்தான் பெரும்பாலும் காரணம். அந்த ஷாட்டுகளை மட்டும் முன்கூட்டியே தனியாக ரெண்டர் செய்துவிடுங்கள், அதாவது எஃபெக்டோடு சேர்த்துப் புது ஃபைலாக எழுதிவிடுங்கள்; பிரீமியரில் ‘ரெண்டர் அண்ட் ரீப்ளேஸ்’, டாவின்சியில் ‘ரெண்டர் இன் ப்ளேஸ்’. இல்லாவிட்டால் வாடிக்கையாளர் ஒரு எழுத்துப்பிழை சொன்னாலும் அத்தனையும் மறுபடி கணக்கிடப்படும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகும் வீடியோவை 4கேயில் எக்ஸ்போர்ட் செய்வதும் வீண் சுமை. 1080பியில் ஒரு பிரேமுக்கு 20.7 லட்சம் புள்ளிகள், 4கேயில் 82.9 லட்சம். பிட்ரேட்டும் (ஒரு விநாடி வீடியோவுக்குச் செலவாகும் டேட்டா) அப்படித்தான்: விநாடிக்கு 30 பிரேம் ஓடும் 1080பிக்கு யூடியூப் பரிந்துரைப்பது 8 மெகாபிட், 4கேக்கு 35 முதல் 45. அதற்கு மேல் 100 வைத்தாலும் யூடியூப் மறுபடி சுருக்கத்தான் போகிறது. உங்களுக்கு மிஞ்சுவது அப்லோடு நேரம்.

முதல் பத்து நிமிடம் பறந்த எக்ஸ்போர்ட் அப்புறம் தவழ்ந்தால் பெரும்பாலும் சூடுதான் காரணம். சிபியு 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். மெத்தைமேல் வைக்காதீர்கள், காற்று இழுக்கும் துளை அடைபடும். சார்ஜர் செருகாமல் பேட்டரியில் எக்ஸ்போர்ட் போட்டாலும் இதே கதி.

பழைய வெளி ஹார்டுடிஸ்கிலிருந்து நேரடியாக எடிட் செய்வது பற்றிக் கேட்பார்கள். விநாடிக்கு 100 மெகாபிட் கிளிப் ஒன்றுக்கு 12.5 எம்பிதான் தேவை, அதை அந்த டிஸ்க் தரும். மூன்று கேமராவை ஒன்றாக ஓட்டி, மென்பொருள் தற்காலிகமாக எழுதிவைக்கும் கேச் ஃபைலையும் அதிலேயே எழுதவிட்டால், டிஸ்கைப் படிக்கும் முள் அங்குமிங்கும் ஓடியே களைத்துவிடும். நடந்துகொண்டிருக்கும் புராஜெக்டும் கேச்சும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும், முடிந்தவை ஹார்டுடிஸ்குக்குப் போகட்டும்.

இத்தனையும் பார்த்தபின் மெமரி வரைபடம் மட்டும் முட்டி நிற்கிறதென்றால் தாராளமாக ரேம் வாங்குங்கள். அப்போதும் 16 ஜிபி ஒன்றாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாகப் போட முடியுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தனிக் கார்டு இல்லாத லேப்டாப்பில் உள்கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டாகப் போட்டு ரேமுக்கு இரண்டு வழி திறந்தால் உள்கிராபிக்ஸுக்குக் கிடைக்கும் வேகம் கண்ணுக்குத் தெரியும்.